பந்தானியை மூன்றே முக்கால் நிமிடம் முந்தியவரை நம்பலாமா?

கேள்வி இதுதான்: ஈபிஓ என்ற ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு மலையேறிய 1990-களின் இத்தாலிய சைக்கிள் வீரர் மார்கோ பந்தானியின் நேரத்தை, இன்றைய ஸ்லோவேனிய வீரர் தாதெய் போகாச்சர் அனாயாசமாக உடைக்கிறார். ஆனால் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. அவர் சுத்தமானவர்தானா, இல்லை மருந்து எடுத்தது பிறகு அம்பலமான அமெரிக்க வீரர் ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் ஏமாந்தது போல மறுபடியும் ஏமாறுகிறோமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போகாச்சர் ஊக்கமருந்து எடுத்தார் என்பதற்கு இதுவரை எந்த ஆதாரமும் வெளிவரவில்லை. அதே சமயம், சோதனையில் சிக்கவில்லை என்பது இந்த விளையாட்டில் பெரிய நற்சான்றிதழும் இல்லை. வேகத்தைக் காட்டிக் குற்றம் சாட்டுகிறவர்களும் சோதனை முடிவைக் காட்டி வாதாடுகிறவர்களும் தேடக்கூடாத இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கிளப்பிய ஏற்றம் 2024 ஜூலை 14 அன்று, மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 15-ஆவது கட்டத்தில், அதாவது 15-ஆவது நாள் ஓட்டத்தில் நடந்தது. லூடென்வியலில் தொடங்கி பிளாட்டோ டி பெய்யில் முடிந்த 197.7 கிலோமீட்டர் பாதை, அதற்குள் சுமார் 4,800 மீட்டர் ஏற்றம். கடைசி மலை மட்டும் 15.8 கி.மீ., சராசரிச் சரிவு 7.9%. 1998-இல் பந்தானிக்கு இந்த மலை ஏற ஏறக்குறைய 43 நிமிடம் 28 வினாடி ஆனது. போகாச்சருக்கு 39 நிமிடம் 40 வினாடிதான், சில வினாடி முன்பின் இருக்கலாம். பலரும் மறந்துவிடுவது என்னவென்றால், அன்று 1 நிமிடம் 8 வினாடி பின்தங்கி இரண்டாவதாக வந்த யோனாஸ் விங்கெகாரும் பந்தானியைவிட வேகமாகத்தான் ஏறினார். மூன்றாவதாக வந்த ரெம்கோ எவெனெபூலும் அப்படியே. மூன்று பேர், மூன்று வெவ்வேறு அணிகள்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட இயற்பியல் போதும். மலையின் உயரம் சுமார் 1,250 மீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 2,380 வினாடி. ஆள் 65 கிலோ, சைக்கிள், உடை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 73 கிலோவை அந்த நேரத்துக்குள் அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 375 வாட் வேண்டும். டயர் உராய்வுக்கு 20 வாட் போல, காற்றைத் தள்ளிக்கொண்டு போக 40 வாட் போல. கூட்டினால் 435, அதாவது கிலோவுக்கு 6.7 வாட். சங்கிலியிலும் பல்சக்கரத்திலும் வீணாவதைச் சேர்த்தால் 6.8-ஐத் தாண்டும்.

நீண்ட ஏற்றத்தில் கிலோவுக்கு 6.2 வாட்டைத் தாண்டினாலே சந்தேகம்தான் என்று பல வருடங்களாக ஒரு கோடு இருந்தது. ஃபெஸ்டினா அணியில் பயிற்சியாளராக இருந்த அந்துவான் வாயே, 70 கிலோ ஆளுக்குக் கணக்கிட்டு, 410 வாட் சந்தேகம், 430 அதிசயம், 450 மனிதப் பிறவியே இல்லை என்று தரம் பிரித்தே வைத்தார். அந்தத் தராசில் போகாச்சரை ஏற்றினால் முள் உடைந்துவிடும். முடிந்தது கதை என்று தோன்றும்.

ஆனால் அவசரப்படக்கூடாது. மேலே போட்ட கணக்கில் எத்தனை ஊகம் இருக்கிறது பாருங்கள். பின்பக்கமிருந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் லேசான காற்று வீசினால் போதும், காற்றுக்குச் செலவாகும் 40 வாட் பாதியாகிவிடும். ஆளின் அன்றைய எடை நமக்குத் தெரியாது. எவ்வளவு தூரம் இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒதுங்கி வந்தார் என்பதும் துல்லியமாகத் தெரியாது. வெளியிலிருந்து போடும் கணக்கு எவ்வளவு சறுக்கும் என்பதற்கு 2015-இல் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் ஃப்ரூம் விஷயம் நல்ல உதாரணம். லா பியேர் சேன் மார்த்தான் ஏற்றத்தில் அவர் எல்லோரையும் விட்டு ஓடினார். பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஒன்று, அவர் உற்பத்தி செய்தது கிலோவுக்கு 7.04 வாட் என்று கணக்குக் காட்டியது. பதிலுக்கு அவருடைய ஸ்கை அணி, சைக்கிளில் பொருத்தியிருந்த வாட் அளக்கும் மீட்டரில் பதிவானதை வெளியிட்டது: 414 வாட். அவர் பயன்படுத்திய நீள்வட்டப் பல்சக்கரம் 6% கூட்டிக் காட்டும் என்று கழித்து 5.78 என்றார்கள். அணி தன் வசதிக்குக் கழித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழிக்காவிட்டாலும் 6.1-தான் வரும். 7.04 எங்கே, 6.1 எங்கே? அந்த இடைவெளிக்குள் ஒரு மனிதனின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. அதே டூரில் ஒரு பார்வையாளர் ஃப்ரூம் மீது சிறுநீரை வீசினார்.

இடையில் ஒரு வேடிக்கை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்பதை வாம் என்று சொல்வார்கள். பிளாட்டோ டி பெய்யில் பந்தானிக்கு 1,725, போகாச்சருக்கு 1,890 போல வரும். சந்தேகப்படுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? ஆம்ஸ்ட்ராங்குக்கு மருந்துத் திட்டம் போட்டுக்கொடுத்து, 2012-இல் வாழ்நாள் தடை வாங்கிய இத்தாலிய மருத்துவர் மிக்கேலே ஃபெராரி.

சரி, 26 வருடத்தில் என்ன மாறியது? பைக்கின் எடையில் பெரிய லாபம் இல்லை. 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று உலக சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ 2000-லிருந்தே விதி வைத்திருக்கிறது, டிஸ்க் பிரேக் வந்த பிறகு பல பைக்குகள் ஏழு கிலோவைத் தாண்டிவிட்டன. டயரில்தான் லாபம். அன்று குறுகலான டயரில் கல் போலக் காற்றடித்து ஓட்டினார்கள். இன்று 28 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகலமான, உள்குழாய் இல்லாத டயர், காற்றழுத்தமும் குறைவு. இதில் ஏறத்தாழ 10 வாட் மிச்சமாகலாம், இந்த மலையில் அது கிட்டத்தட்ட ஒரு நிமிடம்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மாற்றம் சாப்பாடு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்துக்கு மேல் குடல் ஏற்காது என்று நம்பியிருந்த காலம் உண்டு. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் குடலில் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே போகின்றன. இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்து, வயிற்றையும் பழக்கினால் மணிக்கு 100, 120 கிராம்கூடத் தாங்கும். ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டுக் கடைசி மலைக்கு வருகிறவனிடம் இது காட்டும் வித்தியாசம் சாதாரணமானது இல்லை. பந்தானி காலத்தில் மெலிந்திருப்பதற்காகப் பட்டினி போட்டுப் பயிற்சி செய்தார்கள். தசையில் எரிபொருள் தீர்ந்து போய்க் கடைசி மலையில் ஊர்ந்தவர்கள் ஏராளம்.

பந்தயம் நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 2024-இல் விங்கெகாரின் அணி அடிவாரத்திலிருந்தே வேகத்தைக் கூட்டியது. உச்சிக்கு இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே விங்கெகார் பாய்ந்தார். போகாச்சர் பாதி வழி அவர் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி ஐந்து கிலோமீட்டர் சொச்சத்தில்தான் தனியாகப் போனார். மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் ஒருவர் பின்னால் வருவது சும்மா கிடைக்கும் லாபம். பந்தானியோ 1998-இல் குழுவோடு ஏறி வந்து, பிறகுதான் தாக்கினார்.

இதையெல்லாம் தாராளமாகக் கூட்டினாலும் மூன்றே முக்கால் நிமிடத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கணக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மீதி உடம்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். போகாச்சர் அபூர்வமான உடம்போடு பிறந்தவர் என்பது ஒரு விளக்கம். வேறு ஏதோ இருக்கிறது என்பது இன்னொரு விளக்கம். எது என்று ஸ்டாப்வாட்ச் சொல்லாது.

அப்புறம், ‘ஈபிஓ எடுத்தவனையே முந்துகிறான் என்றால் இவன் அதைவிட அதிகமாக எடுத்திருக்க வேண்டும்’ என்ற வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஈபிஓ சிவப்பணுக்களைப் பெருக்கும் மருந்து. 1990-களில் அதைக் கண்டுபிடிக்கச் சோதனையே கிடையாது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹீமட்டோகிரிட், 50%-ஐத் தாண்டக்கூடாது என்று 1997-இல் யுசிஐ ஒரு வரம்பு வைத்தது, அவ்வளவுதான். தாண்டினால் 15 நாள் ஓய்வு. வரம்பு வைத்ததே உரிமம் கொடுத்தது போலாகிவிட்டது: 49.5 வரை ஏற்றிக்கொள்ளலாம். இதில் இயற்கையாக 42 இருந்தவனுக்கு நல்ல லாபம், 48 இருந்தவனுக்குச் சொற்ப லாபம். ‘எல்லோரும் எடுத்தார்கள், அதனால் போட்டி சமம்தான்’ என்று ஆம்ஸ்ட்ராங் ரசிகர்கள் இன்றும் சொல்வது இங்கேதான் அடிபடுகிறது. மருந்துக்கு யார் உடம்பு நன்றாக வளைந்துகொடுத்ததோ, யாரிடம் நல்ல மருத்துவர் இருந்தாரோ, அவர் ஜெயித்தார். 1996 டூரை வென்ற பியார்னே ரீஸுக்கு ‘மிஸ்டர் அறுபது சதவீதம்’ என்றே பட்டப்பெயர். ஈபிஓ எடுத்ததை அவரே 2007-இல் ஒப்புக்கொண்டார். பந்தானி 1999-இல் இத்தாலியின் ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தைக் கையில் வைத்திருந்த நிலையில் மடோன்னா டி காம்பீலியோவில் 52% காட்டி வெளியேற்றப்பட்டார். அவருடைய 1998 மாதிரியில் ஈபிஓ இருந்ததை பிரெஞ்சு செனட் அறிக்கை 2013-இல் வெளியிட்டது, அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து.

இனி சோதனை பற்றி. பெரிய வலைகள் எப்படி அறுந்தன என்று வரிசையாகப் பாருங்கள்.

1998 ஜூலையில், டூர் டப்ளினில் தொடங்கச் சில நாள் முன்பு, பெல்ஜியம்–பிரான்ஸ் எல்லையில் சுங்கத்துறையினர் ஃபெஸ்டினா அணியின் காரை நிறுத்தினார்கள். ஓட்டி வந்தவர் அணியின் மசாஜ் உதவியாளர் வில்லி வூட். காருக்குள் பெட்டி பெட்டியாக மருந்து. 2006-இல் மாட்ரிட்டில் ஸ்பெயின் போலீஸார் எவ்ஃபெமியானோ ஃபுவெந்தஸ் என்ற மருத்துவரின் குடியிருப்புகளில் நுழைந்து, வீரர்களுக்குத் திரும்ப ஏற்றுவதற்காக உறைய வைத்த ரத்தப் பைகளைக் கண்டெடுத்தார்கள். பைகளில் சங்கேதப் பெயர்கள். ஒன்றில் ‘வால்வ் பீத்தி’ என்று எழுதியிருந்தது. பீத்தி என்பது ஸ்பெயின் வீரர் அலெஹாந்த்ரோ வால்வெர்தே வளர்த்த நாயின் பெயர். 2008 டூர் இத்தாலிக்குள் போன நாளில் அந்நாட்டு அதிகாரிகள் அவரிடம் ரத்த மாதிரி எடுத்து, பையிலிருந்த ரத்தத்தோடு பொருத்திப் பார்த்துதான் அவரை மாட்டவைத்தார்கள்.

ஆம்ஸ்ட்ராங் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1999 டூரில் அவர் சிறுநீரில் கார்ட்டிகோஸ்டீராய்டு தென்பட்டது. இருக்கைப் புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச்சீட்டைக் காட்டித் தப்பினார். அந்தச் சீட்டின் கதையை வெளியே சொன்னவர் அணியின் மசாஜ் உதவியாளர் எம்மா ஓ’ரெய்லி. ஆம்ஸ்ட்ராங் மருந்து எடுத்ததை மருத்துவமனை அறையில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதைக் கேட்டேன் என்று சாட்சி சொன்னவர் சக வீரரின் மனைவி பெட்சி ஆண்ட்ரூ. கடைசியில் பழைய அணித் தோழர் ஃப்ளாய்ட் லேண்டிஸ் 2010-இல் எல்லாவற்றையும் அம்பலப்படுத்தி மின்னஞ்சல் எழுதினார், 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு சாட்சிகளை அடுக்கியது, ஏழு பட்டமும் போயின. அந்தப் பெண்கள் இருவரையும் அவர் பல வருடம் பொதுவெளியில் கேவலப்படுத்தினார் என்பதையும் சேர்த்தே நினைவு வைத்திருக்க வேண்டும்.

2019-இல் வீரர்களுக்கு ரத்தம் ஏற்றிக்கொடுத்த ஜெர்மன் மருத்துவர் மார்க் ஷ்மிட்டின் கும்பல் பிடிபட்டதும் இதே வழியில்தான். ஓர் ஆஸ்திரிய பனிச்சறுக்கு வீரர் தொலைக்காட்சியில் வாயைத் திறந்தார், போலீஸ் பின்தொடர்ந்தது. அதில் சிக்கிய சைக்கிள் வீரர் ஸ்டெஃபான் டெனிஃபில், ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்ட்டாவில் 2017-இல் ஒரு மலைக் கட்டத்தை வென்றவர்.

சோதனையில் யாருமே சிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2006-இல் லேண்டிஸ் டெஸ்டோஸ்டெரோனில் மாட்டினார். 2008-இல் ரிக்கார்தோ ரிக்கோ, கண்டுபிடிக்க முடியாது என்று நம்பப்பட்ட சேரா என்ற புதுவகை ஈபிஓவில் மாட்டினார். 2010-இல் அல்பெர்தோ கொந்தாதோர் ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம் க்ளென்பியூட்டரோல் என்ற மருந்தில் மாட்டி, 2012-இல் அந்த டூர் பட்டத்தை இழந்தார். ஆனால் ஒருவர் தனியாகச் சறுக்கியதைச் சோதனைக் குப்பி காட்டிக்கொடுக்கும். ஓர் அணியே, ஒரு மருத்துவரின் தொழிற்சாலையே நடக்கும்போது அதை உடைத்தது பெரும்பாலும் மனிதர்கள்தான்: சுங்க அதிகாரி, மனம் கசந்த தோழர், சம்பளம் வாங்கிய உதவியாளர்.

2008-லிருந்து நடைமுறையில் இருக்கும் உயிரியல் பாஸ்போர்ட்டை நான் மதிக்கிறேன். மின்வாரியம் வீட்டு மீட்டரை மாதாமாதம் குறித்துக்கொண்டு போய், திடீரென்று பொருந்தாத எண் வந்தால் ‘இங்கே கொக்கி போட்டிருக்கிறார்கள்’ என்று சந்தேகப்படுவது மாதிரி, மருந்தைத் தேடாமல் உடம்பில் அதன் தடத்தைத் தேடும் முறை இது. ஹீமோகுளோபின், புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களின் விகிதம் என்று ஒவ்வொரு வீரருக்கும் வருடக்கணக்கில் பதிவு இருக்கும். இதனால் 60% ஹீமட்டோகிரிட் காலம் முடிந்துபோனது உண்மை. ஆனால் ஈபிஓவைத் துளித்துளியாக, ரத்த நாளத்தில் நேரடியாக, இரவில் ஏற்றினால் சில மணி நேரத்தில் தடம் மங்கிவிடும். இரவு 11 மணிக்கு மேல் கதவைத் தட்டச் சோதனையாளருக்குத் தகுந்த காரணம் வேண்டும். பிறகு உயரமான மலையில் பயிற்சி செய்தாலும் ரத்த எண்கள் மாறும், அது மருந்தால் வந்த மாற்றத்துக்கு மறைப்பாகவும் ஆகலாம். ஆக, பெருந்திருட்டு போய்ச் சில்லறைத் திருட்டுக்கு இன்னும் இடமிருக்கிறது.

விதிக்குள் நின்றுகொண்டே எல்லையைத் தள்ளுவது இன்னொரு ரகம். ஸ்கை அணியில் பிராட்லி விக்கின்ஸ் பெரிய பந்தயங்களுக்கு முன் மருத்துவ விலக்கு வாங்கி ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டது விதிப்படி குற்றமில்லை. அறநெறிக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2018-இல் எழுதியது. 2024 டூரின்போது, போகாச்சரின் அணி, விங்கெகாரின் அணி உட்படச் சில அணிகள் கார்பன் மோனாக்சைடை அளந்து சுவாசிக்க வைக்கும் கருவியைப் பயன்படுத்துவது வெளியானது. மலைப் பயிற்சியில் ஹீமோகுளோபின் எவ்வளவு கூடியது என்று அளக்கத்தான் என்று அணிகள் சொன்னன. அளக்க அது முறையான வழிதான். ஆனால் அதே வாயுவைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் உடம்பே சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். அப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இருந்தும் யுசிஐ 2025 பிப்ரவரியில் அப்படித் திரும்பத் திரும்பச் சுவாசிப்பதைத் தடை செய்தது, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவும் 2026-க்கான தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

போகாச்சரைச் சந்தேகிக்க எனக்குள்ள காரணம் அவருடைய வாட் எண் இல்லை, அவரைச் சுற்றி நிற்பவர்களின் பழைய வரலாறு. போகாச்சரின் அணியை நடத்தும் மௌரோ ஜியானெத்திதான் 2008-இல் ரிக்கோ மாட்டியபோது சௌனியர் துவால் அணியின் தலைவர். அந்த அணியே டூரைப் பாதியில் விட்டு வெளியேறியது. இன்று அவரோடு இருக்கும் ஹோசேயான் மாச்சினும் அப்போது அங்கே இருந்தவர். எதிர்முகாமும் ஒன்றும் நேற்றுப் பிறந்ததில்லை. விங்கெகாரின் அணி பழைய ராபோபாங்க் அணியின் வழித்தோன்றல், 2007 டூரில் முன்னிலையில், மஞ்சள் ஜெர்சியில் இருந்த மிக்கேல் ராஸ்முசனை, சோதனைக்காகத் தெரிவிக்க வேண்டிய இருப்பிடம் பற்றிப் பொய் சொன்னதற்காக வீட்டுக்கு அனுப்பியது அந்த அணிதான். பழைய முதலாளிகளை அப்படியே வைத்துக்கொண்டு ‘எங்களை நம்புங்கள்’ என்பதில் எனக்கு எரிச்சல்தான். அதற்காக 2008-இல் பத்து வயதுகூட ஆகாத ஒரு பையன் மேல் அந்தப் பாவத்தை ஏற்றுவதும் நியாயமில்லை.

எல்லாப் பந்தயத்தையும் ஒருவரே அள்ளுவது மட்டும் சந்தேகத்துக்குப் போதாது. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் போகாச்சருக்கு முன்பே அதைச் செய்து காட்டினார். ஆனால் அவரும் 1969 ஜீரோவில் சவோனாவில் ஊக்கமருந்துச் சோதனையில் தோற்று, அழுதுகொண்டே வெளியேறினார், மருந்து எடுத்ததைத் தொடர்ந்து மறுத்துவந்தார். ஆதிக்கத்துக்கும் சந்தேகத்துக்கும் அவ்வளவு பழைய உறவு.

இப்போதைக்கு என் நிலை என்ன? குற்றவாளி என்று சொல்ல மாட்டேன், கையடித்துச் சத்தியமும் செய்ய மாட்டேன். 2025 டூரின் சராசரி வேகம் மணிக்கு 42.8 கி.மீ., அதுவரை நடந்த டூர்களிலேயே அதிகம். மொத்தக் கூட்டமும் வேகம் கூட்டியிருக்கிறது என்பது உணவு, டயர், பயிற்சி விளக்கத்துக்கே அதிகம் பொருந்துகிறது. அணியிலிருந்து கோபத்தோடு விலகும் ஒரு மருத்துவரோ உதவியாளரோ வாயைத் திறந்தால், எங்காவது ஒரு போலீஸ் சோதனையில் அணியோடு தொடர்புள்ள பெயர் வந்தால், அன்றைக்கு என் கருத்து மாறும். இத்தனை வருடம் இத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்திலிருந்து அப்படி ஒன்றும் கசியாமல் இருப்பது போகாச்சருக்குச் சாதகமான விஷயம். ஆனால் ஆம்ஸ்ட்ராங் கோட்டை முழுதாக இடிய முதல் வெற்றியிலிருந்து 13 வருடம் ஆனதால் அதற்கும் அளவோடுதான் மதிப்புக் கொடுக்கிறேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அடுத்த மலைச் சாதனையை இல்லை, பாஸ்போர்ட் வழக்குகளை. அவை மெதுவாக வரும். 2011 வுவெல்ட்டாவை வென்ற ஹுவான் ஹோசே கோபோவிடமிருந்து பட்டத்தைப் பறிக்க 2019 ஆனது. ஸ்பெயின் வீரர் ஓயர் லாஸ்கானோவுக்கு 2025 அக்டோபரில் தற்காலிகத் தடை வந்தது, 2022 முதல் 2024 வரையிலான பதிவுகளில் தென்பட்ட முரண்களுக்காக. சேமித்து வைத்த மாதிரிகளைப் பத்து வருடம் வரை மறுபடி சோதிக்க விதி இடம் தருகிறது. 2024 டூரில் எடுத்தவற்றுக்கு அந்தக் கெடு 2034 வரை.